சுவத்திகமும் கொக்கிச் சிலுவையும்: ஹம்பேர்க் நகரை முன்னிறுத்திய ஒரு பொருள்கோள் திறனாய்வு

முன்னுரை

2017ஆம் ஆண்டு நவம்பரில் ஹம்பேர்க் நகரின் பில்ஷ்டெட் பகுதியிலுள்ள விளையாட்டரங்கொன்றில் நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் கொங்கிறீற்றில் முட்டி நின்றது. மண்ணை அகற்றியபோது ஏறத்தாழ நான்கு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் கொண்ட, கைகள் மடிந்த சிலுவை வடிவம் ஒன்று வெளிப்பட்டது. நாசி ஆட்சிக் காலத்தில் எழுப்பப்பட்டுப் பின்னர் அகற்றப்பட்ட நினைவுச்சின்னமொன்றின் அடித்தளம் அது. பெயர்த்து எடுத்துச் செல்ல இயலாத பாரமாக இருந்தமையால் கிடந்த இடத்திலேயே உடைத்து அகற்றப்பட்டது.

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவெள்ளறையில், நாற்புறமும் படிகள் மடங்கி இறங்கும் கிணறு ஒன்று இதே வடிவில் அமைந்துள்ளது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800 அளவில், கம்பன் அரையன் என்பான் வெட்டுவித்த மார்ப்பிடுகு பெருங்கிணறு அது. இன்று பாதுகாக்கப்பட்ட தொல்லியற் சின்னமாக விளங்குகின்றது. மண்ணுக்குள் ஒரே வடிவம். ஒன்று உடைக்கப்பட்டது, மற்றையது பேணப்படுகின்றது. இரண்டு செயல்களும் தத்தம் இடத்தில் நியாயமானவை என்பதை ஏற்றுக்கொள்வதிலிருந்தே இக்குறியீடு பற்றிய எந்த ஆய்வும் தொடங்குதல் வேண்டும்.

1980களிலிருந்து ஜேர்மனியில் நிலைகொண்ட ஈழத்தமிழ்ச் சமூகத்துக்கு இது ஏட்டளவிலான வினாவன்று. புதுமனை புகும் குடும்பம் வாசற்கதவில் இக்குறியைக் குங்குமத்தால் இடலாமா, திருமண அழைப்பிதழில் அச்சிடலாமா, 'சுவஸ்திகா' என்ற பெயரைப் பெண்குழந்தைக்கு இட்டால் பாடசாலையில் அவள் அப்பெயரை எவ்வாறு விளக்குவாள் என்பன நாளாந்த வாழ்விலிருந்து எழும் ஐயங்கள். இவற்றுக்கு விடையாகப் புலம்பெயர் சூழலில் ஒருவகை எழுத்து பெருகியுள்ளது. 'எமது குறி வேறு, அவர்களுடைய குறி வேறு' என நிறுவ முயலும் அவ்வெழுத்தை இக்கட்டுரை 'மீட்புரை' எனக் குறிக்கின்றது. அதன் நோக்கம் மதிக்கத்தக்கது. அதன் வாதங்கள் வலுவற்றவை. அவ்வாதங்களை மதிப்பிட்டு, அவற்றினும் உறுதியான ஓர் அடிப்படை தமிழ் இலக்கண மரபிலேயே உண்டு எனக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீட்புரையின் மூன்று வாதங்கள்

முதலாவது, தொன்மை வாதம். சிந்துவெளி முத்திரைகளில் இக்குறி உள்ளது. எனவே அது எமது. பிறர் அதைக் களவாடினர் என்பது இதன் சுருக்கம். சிந்துவெளியில் இக்குறி உள்ளமை உண்மை. இலங்கையின் தொல்நாணயங்களுள் 'யானையும் சுவத்திகமும்' எனப் பெயர்பெற்ற வகையொன்று உள்ளமையும் உண்மை. ஆனால் கிரேக்கத்தின் பழைய மட்பாண்டங்களிலும், துரோய் அகழ்வில் கிடைத்த சுடுமண் தக்களிச் சில்லுகளிலும், வட அமெரிக்காவின் நவாஹோ மக்களது நெசவிலும் இதே வடிவம் காணப்படுகின்றது. எளிய கோடுகளாலான வடிவமொன்று பல இடங்களில் தனித்தனியே தோன்றுதல் இயல்பு.

இதனினும் கவனத்துக்குரியது, தொன்மை வாதத்தின் சொந்த வரலாறு. 1841இல் ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து கப்பற் பையனாகப் புறப்பட்ட ஹைன்றிஷ் ஷ்லீமன் பிற்காலத்தில் துரோய் நகரை அகழ்ந்து, அங்கு கண்ட குறியை இந்தியச் சுவத்திகத்தோடு இணைத்து, ஆரிய முன்னோரின் அடையாளமாக விளக்கினார். அவரது 'இலியோஸ்' நூல் 1880இல் வெளிவந்தது. அந்நூலிலேயே இடம்பெற்ற மாக்ஸ் முல்லரின் குறிப்பு ஓர் எச்சரிக்கையாகும். சுவத்திகம் என்ற சொல்லுக்கு இந்தியாவில் தனி வரலாறும் வரையறுத்த பொருளும் உண்டு. இந்தியாவுக்கு வெளியே கிடைக்கும் வடிவங்களுக்கு அப்பெயரை இடுதல், ஆராய வேண்டியதை முன்கூட்டியே முடிவுசெய்வதாகும் என்பது அவர் கருத்து. அவ்வெச்சரிக்கை கேட்கப்படவில்லை. 'பழமையானது, எனவே எமது இனத்துக்குரியது' என்ற தருக்கம் இனவாதக் குழுக்களின் கைக்கு மாறி, 1920இல் நாசிக் கட்சியின் கொடியில் வந்து நின்றது. இன்றைய மீட்புரை அதே தருக்கத்தை எதிர்த்திசையில் ஓட்டுகின்றது. உரிமையாளர் பெயர் மாறுகின்றது, தருக்கம் மாறவில்லை.

இரண்டாவது, திசை வாதம். இந்துக்களின் குறி வலஞ்சுழி, நாசிகளின் குறி இடஞ்சுழி என்ற கூற்று பரவலாக வழங்குகின்றது. இது தவறு. நாசிக் கொடியில் இருந்த குறியும் இந்து, சமண வழக்கில் பெருவரவினதாகிய குறியும் ஒரே திசையில் மடிந்தவை. சிந்துவெளி முத்திரைகளில் இரு திசைகளும் உள்ளன. யப்பானில் பௌத்தக் கோயில்களைக் குறிக்கும் வடிவம் மறுதிசையில் மடிந்தது. நாசிக் கொடியில் குறி நாற்பத்தைந்து பாகை சாய்ந்திருந்தது என்பது சரியே. எனினும் ஹிட்லரின் தனிக்கொடியில் அது சாயாமல் நேராக நின்றது. பாகைமானியால் அளந்து புனிதத்தையும் கொடுமையையும் பிரிக்க முயலும் வாதம், ஒரேயொரு ஒளிப்படத்தின் முன் தோற்றுவிடும்.

மூன்றாவது, பெயர் வாதம். நாசிகள் தம் குறியை 'ஹாக்கன்குறொய்ஸ்', அதாவது கொக்கிச் சிலுவை என்றே அழைத்தனர். ஆகவே அதற்கும் சுவத்திகத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பது இது. மூன்றனுள் பயனுடையது இதுவே. 2022இல் ஒஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் நாசிக் குறியைப் பொதுவிடங்களிற் காட்டுவதைத் தடைசெய்தபோது ஜேர்மன் பெயரையே சட்டத்திற் கையாண்டு, இந்து, பௌத்த, சமண வழிபாட்டுப் பயன்பாட்டுக்கு வெளிப்படையாக விலக்களித்தது. வேறுவேறு பெயர்கள் சட்டத்தில் வேறுபாட்டைத் தெளிவாக்கும் என்பதற்கு இது சான்று. ஆயினும் 'தொடர்பே இல்லை' என்ற கூற்று வரலாற்றுக்கு முரணானது. கொக்கிச் சிலுவை என்ற சொல் நாசிகளுக்கு முன்பே ஜேர்மன் மொழியில் வழங்கியது. ஆரியர் பற்றிய கற்பனையும் அதற்கு உணவளித்த இந்தியவியல் ஆர்வமும் இன்றி அக்குறி கொடியேறியிராது. தொடர்பு உண்டு, அது கடன்வாங்கிக் கெடுத்த தொடர்பு. அதை மறுப்பதனால் எமது வழக்குக்கு மதிப்புக் கூடப்போவதில்லை.

இன்னொன்றும் நோக்கற்பாலது. தமிழ் அகராதிகள் தரும் அட்டமங்கலப் பட்டியலில் கவரி, நிறைகுடம், கண்ணாடி, தோட்டி, முரசு, விளக்கு, பதாகை, இணைக்கயல் என்பன இடம்பெறுகின்றன, சுவத்திகம் இல்லை. சமணரின் எண்மங்கலத்தில் அது உண்டு. தமிழர் வீட்டு ஏட்டின் முதற்குறி பிள்ளையார் சுழியே. சுவத்திகம் என்ற சொல் தமிழ் மரபில் தெளிவாகப் பதிவாகியுள்ள இடங்களுள் ஒன்று கூத்துநூல் மரபு: சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் காட்டும் பதினைந்து பிணையற் கைகளுள் ஒன்று சுவத்திகம். ஆக, இக்குறி தமிழர் வழிபாட்டில் உண்டு; ஆனால் அதன் மையத்தில் என்றும் இருந்ததாகச் சொல்லுதல் மிகை. தாக்கப்பட்டதாக உணரும் சமூகம், தாக்கப்பட்ட குறியையே தன் தலையாய அடையாளமாக ஏற்றுக்கொள்ளும் போக்கு இங்கே செயற்படுகின்றது.

ஹம்பேர்க் தந்த கருவிகள்

குறியீடுகள் பண்பாடு கடந்து பொருள் மாறும் முறையை ஆராய்ந்த இருபதாம் நூற்றாண்டின் முதன்மையான அறிஞர் குழுக்களுள் ஒன்று ஹம்பேர்க்கிலேயே உருவாயிற்று. யூத வங்கிக் குடும்பத்திற் பிறந்த அபி வார்புர்க் தன் வாழ்நாள் முழுதும் சேர்த்த நூலகத்துக்கு 1926இல் ஹைல்விக் வீதியில் தனிக் கட்டடம் எழுந்தது. தொல்லுருவங்களின் 'மறுவாழ்வு' அவரது ஆய்வுப்பொருள். ஓர் உருவம் நினைவாற்றல் செறிந்த சேமக்கலம் போன்றது. அதனுட் செறிந்த ஆற்றல் எப்பக்கம் திரும்பும் என்பதை, அவ்வுருவத்தைக் கையிலெடுக்கும் காலமே முடிவுசெய்கின்றது. சில வேளை அது முற்றிலும் எதிர்நிலைக்கே புரளும். இதுவே அவர் கண்ட நெறி. 1923இல் அவர் ஆற்றிய பாம்புச் சடங்கு பற்றிய உரையில், அமெரிக்கப் பழங்குடியினரிடம் மழையை அழைக்கும் பாம்பையும் விவிலியத்தில் பாவத்தைக் கொணரும் பாம்பையும் கிரேக்கத்தில் நோய் தீர்க்கும் பாம்பையும் அருகருகே வைத்து நோக்கினார்.

1919இல் தொடங்கப்பட்ட ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியற் பேராசிரியராக இருந்த ஏர்ணஸ்ட் கசீரர், அந்நூலகத்தின் துணையோடு 'குறியீட்டு வடிவங்களின் மெய்யியல்' என்னும் மூன்று தொகுதிகளை 1923க்கும் 1929க்கும் இடையில் வெளியிட்டார். குறியீடு உலகத்தின் நிழல் அன்று, உலகத்தை மனிதன் அமைத்துக்கொள்ளும் வழி என்பது அவரது கொள்கை. 1933இல் கொக்கிச் சிலுவை அரசுக் குறியாயிற்று. கசீரர் நாட்டை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு டிசம்பரில் வார்புர்க் நூலகத்தின் ஏறத்தாழ 60,000 நூல்கள் கப்பலில் இலண்டனுக்குச் சென்றன. குறியீடுகளை விளங்கிக்கொள்ளும் அறிவை ஒரு குறியீட்டின் பெயரால் ஒரு நகரம் வெளியேற்றியது. கசீரர் மறைந்தபின் 1946இல் வெளிவந்த 'அரசு என்னும் தொன்மம்' நூல், இருபதாம் நூற்றாண்டின் அரசியல் தொன்மங்கள் தாமாக வளர்ந்தவையல்ல, படைக்கலங்களைப் போல் திட்டமிட்டு உற்பத்தி செய்யப்பட்டவை என வாதிடுகின்றது.

இந்தியவியல் அறிவும் அந்நகரில் இல்லாமற் போகவில்லை. 1920 முதல் 1950 வரை அங்கு பேராசிரியராக இருந்த வால்தர் ஷூப்றிங் சமணக் கோட்பாடுகள் பற்றித் தாம் எழுதிய அடிப்படை நூலை 1935இல் வெளியிட்டார். சமணரின் குறியில் நான்கு கைகளும் உயிர் பிறக்கும் நான்கு கதிகளைச் சுட்டும். மேலுள்ள மூன்று புள்ளிகள் மும்மணிகளைச் சுட்டும். பிறை, வீடுபெற்றோர் உறையும் இடத்தைச் சுட்டும். எவ்வுயிர்க்கும் தீங்கிழையாமையை உயிர்நாடியாகக் கொண்ட சமயத்தின் குறி அது. அதே 1935ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் நியூறென்பேர்க்கில் இயற்றப்பட்ட சட்டம் கொக்கிச் சிலுவைக் கொடியை ஜேர்மனியின் ஒரே தேசியக் கொடியாக்கியது. ஒரு பொருளைப் பற்றிய புலமை நாட்டில் இருந்தமை, அதன் எதிர்ப்பொருள் அரியணை ஏறுவதைத் தடுக்கவில்லை. 'உண்மைப் பொருளை அறிவித்தால் போதும், தப்பெண்ணம் நீங்கும்' என்ற மீட்புரையின் நம்பிக்கையை இந்நிகழ்வு கேள்விக்குட்படுத்துகின்றது.

பல்கலைக்கழகத்துக்கு அருகில், 1906இல் திறக்கப்பட்ட போர்ன்பிளாட்ஸ் யூதத் தொழுகைக்கூடம் நின்றது. 1938 நவம்பர் வன்முறையிற் சிதைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு இடிக்கப்பட்டது. அதன் கூரைவளைவின் கோடுகளை 1988 முதல் தரையிற் பதித்த கற்கள் காட்டுகின்றன. நகரின் தென்கிழக்கே நொயென்காம வதைமுகாமும் அதன் கிளைகளும் 1938 முதல் 1945 வரை ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரை அடைத்து வைத்தன. அவர்களுள் குறைந்தது 42,900 பேர் மாண்டனர். ஹம்பேர்க் வாசி ஒருவர் அக்குறியைக் கண்டு அதிர்வது அறியாமையால் அன்று. தம் ஊரின் வரலாற்றை அறிந்தமையால்.

வினை, இனம், சார்பு

வார்புர்க் குறியின் நினைவாற்றலை விளக்கினார். ஒரே குறி இரு பொருளோடு ஒரே தெருவில் நிற்கும்போது காண்போர் எப்பொருளைக் கொள்வர் என்பதற்குத் தமிழ் மரபில் துல்லியமான விடை உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை இருவகைப்படுத்துகின்றது. ஒருவகை, வினையால் வேறுபடுவது. அதன் பொருளை வினை, இனம், சார்பு என்னும் மூன்றும் தெளிவிக்கும். உரையாசிரியர் 'மா' என்ற சொல்லைக் காட்டுவர். மா பூத்தது எனின், பூத்தல் என்னும் வினையால் மரம் எனத் தெரியும். மாவையும் மருதையும் சேர்த்துச் சொன்னால், உடன்வந்த இனத்தால் மரம் எனத் தெரியும். கவசம் பூண்டு நிற்பவன் மாவைக் கொணர்க எனின், நிற்கும் சார்பால் குதிரை எனத் தெரியும். மற்றைய வகை, வினையால் வேறுபடாதது. மா வீழ்ந்தது எனின், மரமும் வீழும் விலங்கும் வீழும். அங்கே பேசுவோன் தான் கருதிய பொருளைக் கிளந்து சொல்லவேண்டும் என்பது இலக்கணம்.

சொல்லுக்குரிய விதியைக் குறிக்கு ஏற்றுதல் நீட்சியே. மாமரமும் குதிரையும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவையல்ல. கொக்கிச் சிலுவையோ சுவத்திகத்தின் புகழைக் கடன்வாங்கியது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டால், விதி மீட்புரையை விடப் பெரிதும் பயன் தருவது புலப்படும். விடியலில் அரிசிமாவால் கோலமாக இடுதல் ஒரு வினை; அணிவகுப்பில் கொடியாக ஏந்துதல் வேறொரு வினை. நிறைகுடம், மாவிலை, குத்துவிளக்கு ஆகியவற்றோடு நிற்பது ஓர் இனம். கழுகோடும் சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறங்களோடும் நிற்பது வேறோர் இனம். கோயிலின் உள்மண்டபம் ஒரு சார்பு. தொடருந்து நிலையச் சுவர் வேறொரு சார்பு. திசையும் சாய்வும் செய்யத் தவறிய பிரிப்பை இம்மூன்றும் செய்கின்றன.

ஜேர்மன் சட்டத்தின் போக்கும் இதற்கு அயலானதன்று. குற்றவியற் சட்டத்தின் 86அ பிரிவு, அரசியலமைப்புக்கு மாறான அமைப்புகளின் குறிகளைப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ தண்டப்பணமோ விதிக்க இடமளிக்கின்றது; அவற்றை ஒத்துத் தோன்றும் குறிகளையும் உள்ளடக்குகின்றது. கலை, அறிவியல், கற்பித்தல், வரலாற்று விளக்கம் போன்ற நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. 2007 மார்ச் 15ஆம் நாள் கூட்டாட்சி உயர் நீதிமன்றம், குறுக்கே கோடிட்டு மறுத்துக் காட்டப்பட்ட கொக்கிச் சிலுவையை விற்றல் குற்றமாகாது எனத் தீர்ப்பளித்தது; நாசியத்துக்கான எதிர்ப்பு ஐயத்துக்கிடமின்றி வெளிப்படுகின்றது என்பதே காரணம். கோடு என்னும் இனம் அங்கே பொருளைத் தெளிவித்தது. 2005இலும் 2007இலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் இக்குறியைத் தடைசெய்யும் யோசனை எழுந்தபோது இந்து அமைப்புகள் எதிர்த்தன, பொதுத்தடை நிறைவேறவில்லை. வினையும் சார்பும் நோக்காது வடிவத்தை மட்டும் தடைசெய்ய முனைவோரும், வடிவத்தை மட்டும் காட்டித் தூய்மை நிறுவ முனைவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். பொருள் கோடுகளுக்குள் அடைந்து கிடக்கின்றது என இருவரும் நம்புகின்றனர்.

இனி, அரிய நிலை. அடுக்குமாடியொன்றின் பொதுப்படிக்கட்டை நோக்கிய கதவில், அருகில் வேறெதுவும் இன்றி, தனித்து வரைந்த குறி 'மா வீழ்ந்தது' என்பது போன்றது. வரைந்தவருக்கு அது மங்கலம். எதிர்வீட்டு முதியவருக்கு அது வேறு. அங்கே விதி வேண்டுவது கிளந்து கூறல்: விளக்கோ குடமோ பெயரோ உடன்வைத்தல், அயலாரை அழைத்துச் சொல்லுதல், அல்லது குறியைக் கதவின் உட்புறத்தில் இடுதல். இதைப் பணிந்துபோதல் எனக் கொள்ளுதல் பிழை. கேட்போருக்கு விளங்கப் பேசுதல் பேசுவோரின் கடன் என்பது இலக்கணத்தின் பழைய எதிர்பார்ப்பு. எதிர்வீட்டாருக்கும் ஒரு கடன் உண்டு. விளக்கம் கேட்டபின், தாம் அறிந்த பொருளொன்றே உலகில் உண்டு எனச் சாதிக்காதிருத்தல் அது.

முடிவுரை

1940 பெப்ரவரியில் அரிசோனாவில் நவாஹோ உள்ளிட்ட நான்கு பழங்குடியினரின் பிரதிநிதிகள், தம் முன்னோர் போற்றிய இக்குறியை நெசவிலும் கைவினைகளிலும் இனிப் பயன்படுத்துவதில்லை என அறிவித்து ஒப்பமிட்டனர். நட்பின் குறி வேறொரு நாட்டினரால் இழிவுபடுத்தப்பட்டது என்பது அவர்கள் கூறிய காரணம். அம்முடிவை எல்லோரும் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு தெளிவு உண்டு: குறி தமக்குரியது என்ற உரிமையும், அது பிறர்க்குத் தரும் வேதனையும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. மீட்புரையிற் காணக்கிடையாதது இத்தெளிவே.

தமிழ்ச் சமூகத்துக்கு இக்குறியைக் கைவிடுதல் கட்டாயமன்று. கோயிலிலும் சடங்கிலும் கோலத்திலும் அதன் வழக்கு தொடரலாம். தொடர உரிமையும் உண்டு. கைவிட வேண்டியவை வேறு: தொன்மையை உரிமைப் பத்திரமாக நீட்டும் தருக்கம், ஒளிப்படத்தின் முன் நில்லாத திசைக் கணக்கு, வரலாற்றுத் தொடர்பை அடியோடு மறுக்கும் பேச்சு. ஹம்பேர்க்கில் பிறந்து வளரும் பிள்ளை நொயென்காம நினைவிடத்துக்கு வகுப்போடு போகும். வீடு திரும்பி, பூசையறையில் அதே வடிவத்தைக் காணும். 'அது இடப்பக்கம், இது வலப்பக்கம்' என்ற விடையை அப்பிள்ளை ஒரு நாளிற் பொய்யெனக் கண்டுகொள்ளும். அதன்பின் பெற்றோர் கூறும் மற்றையவற்றையும் ஐயுறும். வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் வேறுபடும், வேறுபடாவிடத்துக் கிளந்து சொல்ல வேண்டும் என்ற விடையோ, நினைவிடத்தையும் பூசையறையையும் ஒருங்கே மதிக்க அப்பிள்ளைக்கு இடந்தரும்.